மயிலாப்பூர் மைதானத்து ரயில்

சென்னைப் பட்டணத்துக்கு நான் விளையாடப் படிக்கப் போனேன். இதைச் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் ஒருவரும் நம்பவில்லை. "விளையாட்டுக்கும் ஒரு படிப்போ? பிள்ளையளை அவிழ்த்து விட்டால் அதுகள் தன்பாட்டில விளையாடும்தானே" என்று பெட்டியைக் கட்டி முடிக்கும் வரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. எங்கள் மாதா கோயில் பள்ளிக்குப் பின்னால் ஒரு காணி சும்மா கிடந்தது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதை விளையாட்டு மைதானமாக்க வேண்டும் என்பது பங்குச் சுவாமியாரின் நெடுநாள் ஆசை. மேலிடத்தில் ஒரு நிபந்தனை போட்டார்கள். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிய ஒருவர் பொறுப்பெடுத்தால் காணி பிள்ளைகளுக்கு. இல்லாவிட்டால் புகையிலை வியாபாரி ஒருவருக்கு, கொட்டகை போட. எங்கள் பள்ளியில் கலியாணமாகாமல், கடல் தாண்டப் பயப்படாமல் இருந்த ஆசிரியை நான் ஒருத்திதான். ஆகவே காணியின் தலைவிதியை என் கழுத்தில் கட்டி அனுப்பி வைத்தார்கள்.

சாந்தோமில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தார் வீட்டில் தங்கினேன். முதல் நாள் காலையில் தெருமுனையில் ஆப்பம் சுடுகிற வாசனை வந்தது. எங்கள் ஊர் ஆப்பத்தின் நினைப்பில் இலையை நீட்டினேன். ஆப்பக்காரி அந்தோணியம்மா, நாற்பது வயது மதிக்கத்தக்கவள், என் பேச்சைக் கேட்டுத் தலைநிமிர்ந்தாள்.

"இன்னாம்மா, சிலோனா? ஒண்ணு தரேன், துன்னு. ரெண்டாவது கேக்காதே. ரேஷன் அரிசியில எவ்ளோதான் சுடறது? பாதி சோளமாவு கீது அதுல, இப்பவே சொல்லிட்டேன்."

ஆப்பத்தின் நடுவில் தேங்காய்ப்பாலும் இல்லை, பஞ்சு போன்ற மெதுமையும் இல்லை. ஆனால் அவள் ஊற்றிய மீன்குழம்பு எங்கள் ஊர்க் குழம்பைத் தோற்கடித்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் தின்று முடித்தேன். மறுநாளும் அங்கேதான் போனேன்.

வகுப்பு அடையாற்றில். பாலத்துக்கு அப்பால், ஆற்றங்கரையில், பெரிய மரங்கள் நிறைந்த ஒரு தோட்ட வீட்டில் நடந்தது. அங்கே போவதற்குள் சென்னை எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். என் பஸ் பாலத்தின் நடுவில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறினார். "இன்னும் கொஞ்சம் சூடு வரணும் சார், தள்ளுங்க" என்றார். வேட்டி கட்டிய வக்கீல் ஒருவர், மீன் கூடைக்காரி, காலேஜ் பையன்கள், அவர்களோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் தள்ளினேன். முகமெல்லாம் கரியாகத்தான் முதல் வகுப்புக்குள் நுழைந்தேன்.

கனகவல்லி அம்மையார்தான் எங்களுக்குத் தலைவி. நரைத்த கொண்டை, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மார்பில் ஊசி குத்தி மாட்டிய சின்னக் கடிகாரம். என் முகத்துக் கரியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"பஸ் நிற்கும் என்று தெரிந்து முந்தின பஸ்ஸில் வருகிறவர்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் கைக்குட்டையை என்னிடம் தள்ளினாள். அவள் கோமதி, மயிலாப்பூர்க்காரி, என் வயதுதான். "விடுங்கோ, அவா எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவா. எங்காத்துலேர்ந்து நடந்தே வந்தேன், எனக்கும் அர்ச்சனை ஆச்சு" என்று காதோடு சொன்னாள். அன்றிலிருந்து அவள் என் சிநேகிதி.

அன்றைக்கே எங்களுக்கு ஆளுக்கொரு விசில் தந்தார்கள், கறுப்புக் கயிற்றில் கோத்து. அம்மையாருடைய படிப்பெல்லாம் அந்த விசிலில்தான் இருந்தது என்று சொல்லலாம். ஒரு நீண்ட ஊதல் ஊதினால் எந்த விளையாட்டும் அப்படியே நிற்க வேண்டும், பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுவரோரமாக வரிசை கட்ட வேண்டும். விளையாடச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள் என்றார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். அம்மையார் அதைக் கண்டுகொண்டார் போலிருக்கிறது.

"யுத்த காலத்தில் சைரன் ஊதும்போது பம்பரத்தை எடுக்கத் திரும்பி ஓடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னார். அதன்பிறகு நான் சிரிக்கவில்லை.

முதல் வாரம் தியாகராய நகரில் பார்வையிட அனுப்பினார்கள். புது பங்களாக்கள், அகலமான தெருக்கள், வட்டமான பூங்கா. பிள்ளைகள் சலவைச் சட்டையோடு வந்தார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஓர் ஆயா. ஊஞ்சலில் ஒரு குழந்தை உட்கார்ந்தால் ஆட்டுவதற்கு ஆயா, இறங்கினால் துடைப்பதற்கு ஆயா. இங்கே எனக்கு என்ன வேலை என்று கோமதியிடம் கேட்டேன். "ஆயாக்களுக்கு விளையாடச் சொல்லிக் கொடுக்கலாம்" என்றாள்.

திரும்பும்போது டிராமில் ஏறினோம். எதிரே ஒரு தெலுங்குப் பெண்மணியும் அவள் புருஷனும் மடியில் பிள்ளையோடு பேசிக்கொண்டு வந்தார்கள். கோமதி எனக்கு அதைத் தமிழில் சொன்னாள்: "அரிசி எங்கே முளைக்கும்னு அப்பா கேக்கறார். ரேஷன் கியூவில் முளைக்கும்னு குழந்தை சொல்றது. அம்மா சிரிக்கறா, அப்பாவுக்குச் சிரிப்பு வரலை." எங்கள் ஊரிலும் அப்படித்தான் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. யுத்தத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்கும் அது எப்படியோ பழக்கமாகிவிட்டது.

அடுத்த வாரம் எனக்கென்று ஒரு மைதானம் ஒதுக்கினார்கள். மயிலாப்பூரில், குளத்திலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போகிற தெரு ஒன்றில், மதில் சூழ்ந்த ஒரு மண்தரை. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பூவரச மரம், இழுபறி விளையாட்டுக்கு ஒரு தடிக்கயிறு. அவ்வளவுதான். சாயங்காலம் பள்ளி விட்டதும் குப்பத்துப் பிள்ளைகளும் மாடவீதிப் பிள்ளைகளும் கலந்து வந்தார்கள். கயிற்றைக் கண்டதும் அதை இழுக்கவில்லை. இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, உள்ளே நெருக்கியடித்து நின்றுகொண்டு, "எக்மோர் வண்டி! எக்மோர் வண்டி!" என்று கத்தத் தொடங்கினார்கள்.

ஜப்பான்காரன் வரப்போகிறான் என்று பட்டணமே காலி செய்து ஓடிய கதை எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகள் அப்போது தத்தித் தத்தி நடக்கிற குழந்தைகள். நாலு வருஷம் கழித்து அதையே விளையாடினார்கள். ஒருவன் எஞ்சின், ஒருத்தி அழுகிற பாட்டி, ஒருவன் கோழிக்கூண்டு தூக்கிய மாமா. கூட்டத்துக்கு வெளியே, கயிற்றுக்கு அப்பால், ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். பெயர் பாக்கியம். இரட்டைப் பின்னல், பெரியவர்கள் போல இழுத்துச் செருகிய பாவாடை. அவள் ஒரு சின்னப் பையனை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் கயிற்றுக்கு மேலாக உள்ளே கொடுத்தாள். அவன் அவளுடைய சொந்தத் தம்பி, ஆறு வயது, எல்லாரும் குட்டி என்று கூப்பிட்டார்கள். பிறகு ஒரு துணிமூட்டையை உள்ளே எறிந்தாள். அதற்குள் எனக்குக் குறித்த நேரம் வந்துவிட்டது. நான் விசிலை எடுத்து நீளமாக ஊதினேன்.

என்ன ஆச்சரியம்! கயிறும் பிள்ளைகளும் ஒரே ஓட்டமாக ஓடிச் சுவரோரம் போய் வரிசையில் நின்றார்கள். ஒரு பிள்ளை மாறி நிற்கவில்லை. பாக்கியம் மட்டும் நின்ற இடத்திலிருந்து கையை ஆட்டிவிட்டு, மெதுவாக நடந்து வந்து கடைசியில் சேர்ந்துகொண்டாள்.

தினமும் அப்படியே நடந்தது. நான் பாண்டி, பல்லாங்குழி, பந்து என்று எது கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ரயில் வந்துவிடும். நான் ஊதினால் பறந்துவிடும். ஒருநாள் அம்மையார் பார்வையிட வந்தார். "உங்கள் பிள்ளைகளைப் போல வரிசைக்கு வருகிறவர்களை நான் கண்டதில்லை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கரிமுகத்தோடு போன நாளை மறந்தே போனேன். பிறகு அவர் பாக்கியத்தைக் காட்டினார். "அந்தப் பெண் ஒருத்திதான் உங்கள் குறை. தேர்வு நாளில் அவளும் மற்றவர்களோடு ஓடி வர வேண்டும். ஒரு பிள்ளை பிந்தினாலும் நான் சான்றிதழ் எழுத மாட்டேன்."

அன்று மாலை பாக்கியத்தைக் குழாயடியில் பிடித்தேன்.

"ஏன் பிள்ளை நீ மட்டும் பிந்தி வாறாய்? விசில் கேக்கேல்லையே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "கேட்டுச்சு டீச்சர். நான்தான் ஏறவே இல்லியே. நீ ஊதிட்டே, வண்டி பூட்ச்சி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. நான் ஊதியது விளையாட்டை நிறுத்துவதற்கு. அவர்களுக்கோ அது ரயில் கார்டின் விசில். நாள் தவறாமல் நான்தான் அந்த வண்டியை அனுப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அப்படி ஓடியது என் திறமையால் என்று நினைத்து நான் இறுமாந்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஆப்பம் தின்னும்போது இதை அந்தோணியம்மாவிடம் ஒரு வேடிக்கை போலச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பாக்கியமா? அது என் அக்கா பொண்ணும்மா" என்றாள். "அன்னிக்கு எக்மோர்ல இன்னா கூட்டம் தெரியுமா? நான் எப்டியோ உள்ள பூந்துட்டேன். அக்கா வெளிய நின்னுக்கினு இதுங்க ரெண்டயும் ஜன்னல் வழியா என் கைல குட்த்தா. மூட்டையும் குட்த்தா. அவ ஏற வழியில்ல. 'நீ போ, அடுத்த வண்டில வரேன்'ன்னா. கார்டு ஊதிட்டான். வண்டி கெளம்பிடுச்சு."

"பிறகு?"

"பிறகு இன்னா? வர்லே. நாங்க விழுப்புரம் பக்கம் இருந்துட்டுத் திரும்பி வந்தா, அக்கா பேதி கண்டு பூட்டான்னாங்க. யார் எங்க பொதச்சாங்கன்னு கூடத் தெரியாது. குட்டிக்கு அம்மா மொகமே தெரியாது. பாக்கியத்துக்குத்தான் தெரியும்."

சட்டியில் ஆப்பம் கருகிற்று. அவள் அதை எடுத்து எறியவில்லை. தனக்கென்று ஓரமாக வைத்துக்கொண்டாள்.

கோமதியிடம் சொன்னேன். அவள் கண் கலங்கினாள், ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. "தேர்வன்னிக்கு அந்தக் கயித்தை எடுத்து ஒளிச்சு வெச்சுடுங்கோ. கோலாட்டம் போடச் சொல்லுங்கோ. எல்லாம் நன்னா முடியும். உங்க ஊர்க் குழந்தைகளை நினைச்சுண்டு ஊதிடுங்கோ" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அன்றிரவே மனதுக்குள் கோலாட்டத்தை அடுக்கிவிட்டேன்.

தேர்வு நாள் புழுக்கமாக இருந்தது. மதிலோரம் நாற்காலி போட்டு அம்மையாரும் படிப்பை நடத்திய கமிட்டிக்காரர் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மையார் வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தினால் நான் ஊத வேண்டும், பிள்ளைகள் அக்கணமே வரிசைக்கு வர வேண்டும். கயிற்றைப் பூவரச மரத்துக்குப் பின்னால் நானே சுருட்டி வைத்திருந்தேன். கோலாட்டம் அழகாகத் தொடங்கியது. பாதியில் ஒரு குச்சி முறிந்தது. குச்சிக்காரன் சும்மா நிற்பானா? மரத்தடிக்குப் போனான், கயிற்றோடு வந்தான். நான் போய்ச் சேருவதற்குள் "எக்மோர் வண்டி!" என்ற கூச்சல் மைதானத்தை நிறைத்துவிட்டது.

பாக்கியம் பாவாடையை இழுத்துச் செருகினாள். குட்டியைத் தூக்கி உள்ளே கொடுத்தாள். மூட்டையை எறிந்தாள். கைக்குட்டை உயர்ந்தது.

விசில் என் உதட்டில்தான் இருந்தது. எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காணி, அதில் ஓடப்போகும் பிள்ளைகள், சுவாமியார் என்னை ஏற்றிவிட்டபோது சொன்ன ஆசீர்வாதம், எல்லாம் கண்முன் வந்தன. பாக்கியம் என்னைப் பார்த்துக்கொண்டு, கையாட்டத் தயாராக நின்றாள். நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

"ஊது டீச்சர்! வண்டி ரெடி!" என்று எஞ்சின் பையன் கத்தினான்.

"இன்னும் ஏற ஆள் இருக்கு" என்றேன். "பாக்கியம், நீயும் ஏறு. வண்டி நிக்குது."

அவள் தலையை ஆட்டினாள். "அம்மா ஏற மாட்டாங்க டீச்சர். அடுத்த வண்டில வருவாங்க."

"இண்டைக்கு அடுத்த வண்டி இல்லைப் பிள்ளை. இந்த வண்டி நிக்கும். நீ ஏறுமட்டும் நிக்கும்."

கைக்குட்டை இன்னும் உயர்ந்தபடியே இருந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். பிள்ளைகளின் கூச்சல் அடங்கிவிட்டது. பாக்கியம் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து குட்டிதான் கையை நீட்டினான்.

"ஏறுக்கா. எடம் கீது" என்றான். பிறகு பக்கத்தில் நின்றவர்களை முழங்கையால் நெட்டினான். "தள்ளுங்கடா!" கோழிக்கூண்டு மாமா நகர்ந்தார். அழுகிற பாட்டி நகர்ந்தாள். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வந்தது.

பாக்கியம் கயிற்றைத் தாண்டினாள். உள்ளே நின்று, தம்பியின் தலையில் கையை வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப ஊது" என்றாள்.

ஊதினேன். வண்டி பறந்தது. வரிசையில் ஒரு பிள்ளை பிந்தவில்லை.

அம்மையார் பிள்ளைகளை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் தன் கடிகாரத்தை விரலால் தடவினார்.

"நீங்கள் செய்தது அந்தப் பெண்ணுக்கு நல்லதாகவே இருக்கலாம். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை" என்றார். "ஆனால் மதில் சரிகிறது என்று நான் கைக்குட்டையை உயர்த்தியிருந்தால்? விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றவருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன், அம்மா?"

அவர் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன், முடியவில்லை. கோமதி தேறினாள். சந்தோஷப்பட வெட்கப்பட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த இரவு நான் வாய்விட்டு அழுதேன்.

காணி போனது போனதுதான். இதை எழுதும் இன்று அங்கே புகையிலைக் கொட்டகை நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் வீதியில் விளையாடுகிறார்கள். பின்னேரங்களில் நான் வீதியோரம் நின்று மாட்டுவண்டிகளை மறிக்கிறேன். காணி போனதைச் சுவாமியார் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சென்னையிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாள் மாலை மைதானத்துக்கு விடைபெறப் போனேன். அந்தோணியம்மா வழிக்கென்று இலையில் ஆப்பம் கட்டித் தந்திருந்தாள், இந்த முறை கணக்குப் பார்க்கவில்லை. விசில் இன்னும் என் கழுத்தில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க அம்மையார் மறந்தாரா, விட்டுவிட்டாரா, தெரியாது. பாக்கியம் வந்து என் முன்னால் நின்று கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கயிற்றின் கடைசி முனையில் போய் நின்றாள். கார்டுக்கு இடம் வண்டியின் வாலில்தானே.

பிள்ளைகள் ஏறினார்கள். நான் பூவரச மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். நாளைக்கு உண்மையான எழும்பூரில் உண்மையான வண்டி ஏற வேண்டும், வெறுங்கையோடு ஊர் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி புறப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா டீச்சர் நின்னுக்கினு கீறே? ஏறு" என்றாள் பாக்கியம்.

"நான் இதில நிண்டு பாக்கிறன் பிள்ளை. நீங்கள் போங்கோ."

"நீ ஏறாம நான் ஊத மாட்டேன்."

நான் போய்க் கயிற்றைத் தாண்டினேன். குட்டி நகர்ந்து இடம் விட்டான். பாக்கியம் விசிலை உதட்டில் வைத்தாள். ஊதுவதற்கு முன் மைதானத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், குழாயடியை, மரத்தடியை, வாசலை. அங்கே ஒருவரும் இல்லை. அதன்பிறகுதான் ஊதினாள்.